இடது இடுப்பு

1953 ஜூன் 8, திங்கள்

விடியும் முன்பே மழை. கொல்லையில் விறகெல்லாம் ஈரம். அடுப்பு புகைந்து கண் எரிந்ததுதான் மிச்சம். இவர் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மழையை நானா வரச் சொன்னேன்?

இடது பக்கம் இன்று ரொம்ப மோசம். இலை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஒரு வெட்டு. இடுப்புக்குக் கீழே, பின்னால், சின்னதாகக் குழி விழுகிற இடம். அங்கிருந்து தொடைவரை இழுக்கிறது, முழங்காலுக்குக் கீழே போவதில்லை. படுத்துப் புரண்டால் வலி. ஒற்றைக் காலைத் தூக்கிப் படியில் வைத்தால் வலி. கொஞ்ச தூரம் நடந்தால் தேவலை. மறுபடி உட்கார்ந்து எழுந்தால் பழைய கதை.

இதுவரை கிடைத்த தீர்ப்புகள்:

மாமியார்: வாயு. உருளைக்கிழங்கு சாப்பிடாதே.

வைத்தியர்: வாதம். தைலம், கஷாயம். தைல நாற்றம் புடவையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கம்பவுண்டர்: மூத்திரக் கல். பார்லித் தண்ணீர்.

எதிராத்து மாமி: திருஷ்டி. (என்னிடம் கண் போட என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.)

இவர்: "எல்லாருக்குந்தான் இடுப்பு வலிக்கறது."

சீனு காகிதக் கப்பல் கேட்டு உயிரை வாங்கினான். செய்துகொடுத்தேன். வாசல் ஓடையில் விட்டான், கவிழ்ந்தது, அழுதான். "எடுக்கு அம்மா, எடுக்கு." தூக்கிக்கொள்ளவேண்டுமாம். நாலு வயது முடிந்தும் இடுப்பை விட்டு இறங்க மனசில்லை. தூக்கிக்கொண்டுதான் ரசம் கொதிக்கவைத்தேன். இடது இடுப்பில். வலது கை கரண்டிக்கு வேண்டாமா?

ஜூன் 10, புதன்

வாத்தியார் வந்தார். ஆடி கழியட்டும், ஆவணியில் நல்ல நாள் இருக்கிறது, சுவீகாரத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம் என்றார். சீனு அன்றைக்குச் சட்டப்படியும் சாஸ்திரப்படியும் எங்கள் பிள்ளை. இவருடைய தம்பி மணிக்கு மூன்றாவது பிள்ளை அவன். பெற்றவள் விசாலம் டைபாய்டில் கிடந்தபோது நாலு மாதக் குழந்தையாக என் கைக்கு வந்தான். அவள் எழுந்த பிறகும் என்னிடமே இருந்துவிட்டான். என்னை அம்மா என்கிறான். அவளை விசாலம்மா என்கிறான்.

வாத்தியார் சொன்னது: ஹோமத்துக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ரொம்ப நேரம் ஆகுமா என்று கேட்டேன். "ஏன், அவசர ஜோலியா?" என்று சிரித்தார். சப்பணமிட்டு உட்காருவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. அதை எப்படிச் சொல்வது?

இவரிடம் சொல்லிவிட்டேன். நாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆச்சரியம்.

ஜூன் 11, வியாழன்

லேடி டாக்டர். மலையாளத்துக்காரி, என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி. எடுத்த எடுப்பில், "எவிடெயா வேதன? ஒரு விரல் கொண்டு காணிக்கூ" என்றாள். ஒரு விரலால் காட்டினேன். மற்றவர்கள் உள்ளங்கையை முழுக்க வைத்து முதுகு பூராவும் தடவிக் காட்டுவார்களாம். நான் ஒற்றை விரலை ஒரே இடத்தில் வைத்ததும் தலையை ஆட்டினாள்.

மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். இடது பாதத்தை வலது முழங்கால்மேல் வைத்து, இடது முழங்காலைக் கீழே அமுக்கினாள். அம்மாடி! அதே இடம், பின்னால். கத்திவிட்டேன். வெளியே இவர் காதில் விழுந்திருக்கும்.

அவள் விளக்கியது, மறக்காமல் எழுதிவைக்கிறேன். முதுகெலும்பின் அடியில் ஆப்பு மாதிரி ஓர் எலும்பு. இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகள். ஆப்பும் இடுப்பெலும்பும் சேருகிற இடம் ஒரு மூட்டு. முழங்கால் மாதிரி மடங்குகிற மூட்டல்ல, அசைகிறதா என்றே தெரியாத மூட்டு. உடம்பின் பாரம் காலுக்கு இறங்குவதும் காலின் அதிர்வு மேலே ஏறுவதும் அதன் வழியாகத்தான். நார்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். கர்ப்பத்தில் அந்த நார்கள் நெகிழும், பிள்ளைக்கு வழி விட. பிறகு இறுகவேண்டும். சிலருக்கு ஒரு பக்கம் சரியாக இறுகுவதில்லை. அந்தப் பக்கம் வலிக்கும். வாயுவும் இல்லை, கல்லும் இல்லை.

"எத்ர பிரசவிச்சு?" என்று கேட்டாள். ஒன்று, ஆறு வருஷம் முன்னால், உயிரில்லாமல் பிறந்தது என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு ஓய்வு இருந்ததா? இடுப்பைக் கட்டினார்களா? வெந்நீர் விட்டார்களா?

இல்லை. எதுவும் இல்லை. இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பதினோராம் நாள் குளித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன், அவ்வளவுதான்.

கட்டாததால்தான் வந்தது என்று அவள் சொல்லவில்லை. அப்படி அறுதியிட்டுச் சொல்லமுடியாது, கட்டினாலும் வந்திருக்கலாம் என்றாள். ஆனால் நெகிழ்ந்த மூட்டோடு தண்ணீர் இறைத்ததும், பிறகு ஒரே பக்கத்து இடுப்பில் பிள்ளையைத் தூக்கியதும் அதை ஆற விடவில்லை என்றாள்.

செய்யவேண்டியவை: கனமான துணியால் கட்டு. வயிற்றில் இல்லை, அதற்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. தரையில் சப்பணம் வேண்டாம். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்காதே. பிள்ளையைத் தூக்காதே, கொஞ்ச மாதத்துக்கு.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியதற்கும்.

நான் புடவை சரிசெய்துகொள்ளும்போது இவர் தானாக டாக்டரிடம் போய்ப் பேசினார். எனக்காக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாரே என்று மனசு குளிர்ந்துபோயிற்று. வரும்போது கிழக்கேகோட்டையில் எனக்கு மட்டும் ஒரு முழம் பிச்சி வாங்கினார்.

வீட்டு வாசலுக்கு முன்னாலேயே சொன்னேன்: "இதெல்லாம் நம்மளோட இருக்கட்டும். அம்மாகிட்ட வேண்டாம், விசாலத்துகிட்ட வேண்டவே வேண்டாம். சுவீகாரம் ஆகற வரைக்கும்."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார். ஆப்பு, நார், மூட்டு எல்லாவற்றையும் நானே இவருக்கு மறுபடி விளக்கிச் சொன்னேன், புரியட்டும் என்று. சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 12, வெள்ளி

இவருடைய பழைய வேஷ்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டிக்கொண்டேன், மடிசாருக்கு உள்ளே. முதல் தடவையாகப் படி ஏறும்போது வெட்டவில்லை. யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் ஒரு தடவை சும்மாவே ஏறி இறங்கினேன்.

மாமியார் கண்ணுக்குத் தப்புமா? "அது என்னடி உள்ளே, மடியா?" நேற்று உடுத்த துணி, மடியில்லை, சமையலறைக்குள் கூடாது. சரி, தினம் நனைத்து உலர்த்தவேண்டும். ஜூன் மாதத்தில், இந்த மழையில். ஈரத்தோடு கட்டிக்கொண்டு சமைத்தேன்.

பிரசவத்துக்குப் பின்னால் கட்டாததற்கு இப்போது கட்டுகிறேன் என்றேன். வாய் தவறி இல்லை, வேண்டுமென்றேதான்.

"குழந்தை இல்லாத பிரசவத்துக்கு என்னடி சுஸ்ருஷை? ஊர் சிரிக்கும்" என்றார். கோபம்கூட இல்லை. உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரல்.

அப்போது எனக்காகக் கிளறிய பிரசவ லேகியம் ஒரு பரணி நிறைய இருந்தது. எதிராத்து நாட்டுப்பெண்ணுக்கு அந்த மாதம்தான் பிரசவம். தூக்கிக் கொடுத்துவிட்டார். பரணி மட்டும் திரும்பி வந்தது. அதில்தான் இப்போது புளி.

எனக்கு அன்றைக்கு அழக்கூட வராமல் இருந்தது. பிள்ளை போனது என் தப்பு, அதனால் இது சரிதான் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் அப்படியே நினைத்தேன். அந்த டாக்டர்ப் பெண் கேட்கவில்லை என்றால் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பேன். உடம்புக்குத் தெரியுமா, பிள்ளை அழுததா அழவில்லையா என்று? பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் வாங்கச் சொல்லவேண்டும்.

ஜூன் 17, புதன்

நாலு நாளாகப் பரவாயில்லை. தலையணை வைத்துத் தூங்குவது நல்ல யுக்தி. இவர் மட்டும் நடுவில் சுவர் எழுப்பினாயா என்றார்.

சீனுவைத் தூக்குவதில்லை என்று இருந்தேன். நாலு நாள்தான் தாக்குப்பிடித்தேன். நேற்று அம்பலத்து யானை தெருவில் வந்தது. எல்லாக் குழந்தைகளும் யார் இடுப்பிலாவது இருக்க, என் பிள்ளை மட்டும் கூட்டத்தில் கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஆனை எங்கேம்மா?" தூக்கிவிட்டேன், வலது பக்கமாக. அவனுக்குப் பழக்கமில்லை, கோணலாக உட்கார்ந்து என் கழுத்தை இறுக்கினான். ராத்திரி வலித்தது. வலிக்கட்டும்.

மணையில் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடித்து உட்கார்ந்து பார்க்கிறேன். முந்தானையால் மூடிக்கொண்டால் ஹோமத்தில் யாருக்கும் தெரியாது. இன்னும் பழகவேண்டும்.

ஜூன் 21, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் முடியாது.

காலை பத்து மணிக்கு மணியும் விசாலமும் வந்தார்கள். விசாலம் கையில் பழம், பட்சணம். ஏதோ விசேஷம் போல. மாமியார் ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

"மன்னி, ஒங்களுக்கு இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே," என்று ஆரம்பித்தாள் விசாலம். "இடுப்பிலே ஆப்பு நழுவியிருக்காமே. புள்ளையைத் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாளாமே."

ஆப்பு. அந்த வார்த்தையை இந்த உலகத்தில் நான் ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

நழுவவில்லை, நெகிழ்ந்திருக்கிறது, ஆறிவிடும் என்றேன். யாருக்கு அதெல்லாம் வேண்டும்?

"தனக்கே ஒருத்தி தாங்கணும், அவ புள்ளையை எங்க தாங்கப் போறா?" என்றார் மாமியார்.

"ஆடி பொறக்கறதுக்கு முன்னே அழைச்சிண்டு போயிடறோம் மன்னி. சுவீகாரமெல்லாம் பின்னாலே பாத்துக்கலாம், கேட்டேளா? ஒங்க ஒடம்பு தேறட்டும்."

தேறட்டுமாம். யாரைத் தூக்கி யார் இடுப்பு இப்படி ஆயிற்று? அவள் டைபாய்டில் கிடந்தபோது, அவன் பல் முளைத்து அழுதபோது, கக்குவான் இருமலில் இரவெல்லாம் நிறுத்தாமல் இருமியபோது, எந்த இடுப்பில் இருந்தான்? இதையெல்லாம் கேட்டேன். உரக்கத்தான் கேட்டேன். மணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். விசாலம் அழுதாள். மாமியார், "தெருவுக்குக் கேக்கறது, போறும்" என்றார்.

இவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் நின்றிருக்கும். பேப்பரை மடித்தார். "அவா சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றார்.

ஜூன் 24, புதன்

சீனு போய்விட்டான்.

குதிரைப் பொம்மை, இரண்டு நிக்கர், நீலச் சட்டை, வெள்ளி அரைஞாண். போர்வை வேண்டுமென்று அழுதான். என் பழைய புடவையில் தைத்தது. கொடுத்தேன். பக்கத்துத் தெருதான், நாளைக்கே வரலாம் என்று சொல்லி அனுப்பினேன். வாசற்படியில் கையைத் தூக்கி நின்றான். விசாலம் தூக்கிக்கொண்டுவிட்டாள். அவளுக்கு எந்தப் பக்கமும் வலிக்காது.

இருமல் மருந்தை மறந்துவிட்டார்கள். அதை வாங்கிப்போக மணி மட்டும் திரும்பி வந்தான். நல்லவன், கோழை. கொல்லைக்கதவருகே நின்று தலையைச் சொறிந்தான்.

"எம்மேலே கோவிச்சுக்காதீங்கோ மன்னி. நாங்களா கேக்கலை. அண்ணாதான் போன வாரம் வந்து அழைச்சிண்டு போயிடுங்கோடான்னார். அம்மாகிட்டயும் அவர்தான் சொன்னார்."

மருந்துக் குப்பியைக் கொடுத்தேன். மூடி இறுக்கமா என்று பார்த்துத்தான் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொன்னேன்.

ஜூன் 25, வியாழன்

கேட்டுவிட்டேன். ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே.

மறுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மெதுவாக, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "அன்னிக்கு டாக்டரைக் கேட்டேன். இந்த மூட்டு வலியாலே பிள்ளை பொறக்கறதுக்கு ஒரு தடையும் இல்லைன்னுட்டா. ஜாக்கிரதையா இருந்தாப் போறுமாம். நமக்குன்னு ஒண்ணு பொறக்க வழியிருக்கறச்சே எதுக்குடி தம்பி புள்ளை?"

அதுதான் அந்தக் கேள்வி. அதற்குத்தான் பிச்சிப்பூ.

"சீனு?" என்றேன்.

"சீனு எங்க போயிட்டான்? பக்கத்துத் தெருவிலேதானே இருக்கான்?"

நாலு வருஷம் அவன் இவரை அப்பா என்று கூப்பிட்டான். இவரும் "ஏன்டா?" என்று குரல் கொடுத்ததுண்டு. இத்தனை நாளும் தம்பி பிள்ளை என்றுதான் மனசில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் போயிற்று.

நான் தனியாகச் சொன்னதை இவர் ஊருக்குச் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேனோ என்னவோ. என் வலியை எடுத்து என்னையே அடித்தாரே, அது ஆறாது.

முதுகு காட்டிப் படுத்தேன். தலையணை நடுவில்.

ஜூலை 9, வியாழன்

மழை விட்டு வெயில். அப்பளம் காயப்போட்டாயிற்று.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டர் மறுபடி காலை மடித்து அமுக்கினாள். முன்னைப்போல இல்லை, லேசான வலிதான். அவளுக்குச் சந்தோஷம். கட்டு கட்டினேனா? ஆமாம். தலையணை? ஆமாம். "குட்டியெ எடுக்குன்னில்லல்லோ?" இல்லை, தூக்குவதில்லை.

"மிடுக்கி!" என்று மெச்சி என் தோளைத் தட்டினாள்.

இவர் கேட்டதைப் பற்றிக் கேட்டேன். ஆமாம், கேட்டார், தடையில்லை என்று சொன்னேன் என்றாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தமிழும் மலையாளமுமாகச் சொன்னாள்: "பக்ஷே ஒரு காரியம்கூட சொன்னேனே. முதல்ல அவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்கு வேணுமான்னு. கேட்டாரோ?"

இல்லை. கேட்கவில்லை.

வரும்போது விசாலம் வீட்டு வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு வந்தேன். கூடுதலாக நடந்தும் வலிக்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

மாமியார் பிரசவ லேகியத்துக்குச் சாமான் எழுதிக்கொண்டிருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று. சுக்கு, திப்பிலி, வெல்லம், நெய். இந்த வீட்டில் என் வயிற்றைப் பற்றி எல்லாருக்கும் திட்டம் இருக்கிறது.

இவர் தேன்குழல் வாங்கி வந்தார். தொடவில்லை. பாதி எறும்பு, பாதி அவர்.

ஜூலை 19, ஞாயிறு

வெயில். ஆடிக் காற்று. உலர்த்திய புடவை பறந்து அடுத்த வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது.

காலையில் குளத்துப் படியில் விசாலம். பக்கத்தில் சீனு, ஈரத் தலையோடு. நான் பார்ப்பதற்கு முன்பே அவன் என்னைப் பார்த்துவிட்டான். ஓடி வந்தான். பாதிப் படியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"பெரியம்மா" என்றான்.

சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தப்பில்லாமல் சொன்னான்.

குனிந்து தூக்கினேன். இடது பக்கம், பழைய இடத்தில். கட்டுக்கூட இல்லை, குளிக்க வந்ததால் வீட்டிலேயே வைத்துவிட்டேன். விசாலம் கீழேயிருந்து, "மன்னி, இடுப்பு! இடுப்பு!" என்று கத்தினாள். அவன் கால்களை என்னைச் சுற்றிப் போடவில்லை. தொங்கவிட்டுக்கொண்டு விறைத்து இருந்தான். "எறக்கு பெரியம்மா. என்னைத் தூக்கித்தான் ஒனக்கு ஒடஞ்சு போச்சாம்."

இறக்கிவிட்டேன்.

படி ஏறினேன். இடது காலை முதலில் வைத்து ஏறினேன். ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அம்மியில் துவையல் அரைத்தேன், கிணற்றில் தண்ணீர் இறைத்தேன், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, தேறிட்டே" என்றார், வாயெல்லாம் பல்லாக.

வலி வருமா என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். வரவில்லை. விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன்.

வலிக்கவில்லை.